ஈரமா, குளிர்ச்சியா?

மார்கழி மாலையில் மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் வருகிற சந்தேகம் இது. காலையில் உலர்த்திய துணி. பகலில் வெயிலும் ஓரளவு இருந்தது. ஆனால் விரல் பட்டதும் சில்லென்கிறது. காய்ந்துவிட்டதா, இல்லையா? உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறோம், புறங்கையை வைத்துப் பார்க்கிறோம், கடைசியில் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறோம். அப்படியும் ஒரு முடிவுக்கு வர முடியாமல் மடித்து வைத்துவிட்டால், இரண்டு நாள் கழித்து பீரோவைத் திறக்கும்போது வாடை முகத்தில் அடிக்கிறது. சித்திரை மாதத்தில் இந்தச் சந்தேகம் யாருக்கும் வருவதில்லை.

தினமும் துணி தொடும் கைக்கு ஈரத்தையும் குளிர்ச்சியையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. குறை அனுபவத்தில் இல்லை. நம் உடலின் அமைப்பே அப்படி.

தோலுக்குத் தெரியாதது

வெப்பத்தை உணரத் தோலில் தனி நரம்பு முனைகள் இருக்கின்றன. குளிரை உணர வேறு முனைகள், அழுத்தத்தை உணர, வலியை உணர வேறு வேறு முனைகள். ஈரத்தை உணர மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. கரப்பான்பூச்சியின் உணர்கொம்பில் காற்றின் ஈரத்தை அறியும் உறுப்புகள் உண்டு. மனிதத் தோலில் அப்படி எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு எப்படி நமக்கு ஈரம் தெரிகிறது? மூளை ஊகிக்கிறது. தோல் வேகமாகக் குளிர்கிறது, கூடவே ஏதோ ஒட்டுவதுபோலவோ வழுக்குவதுபோலவோ தொடு உணர்வு வருகிறது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து ‘இது ஈரம்’ என்று மூளை தீர்ப்புச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் மேடிசன் பென்ட்லி 1900இல் இதைச் சோதித்துக் காட்டினார். விரலுக்கு மெல்லிய ரப்பர் உறை மாட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், ஒரு சொட்டுக்கூட விரலில் படாமலே விரல் நனைந்த உணர்வு வந்தது. இங்கிலாந்தின் லாஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களில் இன்னும் துல்லியமாகச் செய்தார்கள். முற்றிலும் உலர்ந்த, குளிர்ந்த ஒரு பரப்பை முன்கையில் வைத்தபோது, தோல் போதிய வேகத்தில் குளிர்ந்தால் ஈரம் பட்டதாகவே பலரும் உணர்ந்தார்கள். வெதுவெதுப்பான ஈரத்தை வைத்தபோதோ ஈர உணர்வு மங்கியது.

மார்கழிச் சந்தேகத்தின் வேர் இதுதான். காற்றே 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும் மாலையில் காய்ந்த துணியும் விரலிலிருந்து வெப்பத்தை இழுக்கிறது. மூளை அதை ஈரம் என்று படிக்கிறது. சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு. தையலுக்குள் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும் துணி சூடாக இருப்பதால் காய்ந்ததாகத் தோன்றுகிறது. சித்திரையில் சந்தேகம் வராததற்குக் காரணம் நாம் சரியாகக் கணிப்பதல்ல. அந்த மாதத்தில் தவறாகக் கணித்தாலும் மிச்ச ஈரம் வீட்டுக்குள் தானே காய்ந்துபோகிறது.

ஒரு வேட்டியின் கணக்கு

துணி எப்படிக் காய்கிறது என்பதற்கு ஓர் எட்டு முழப் பருத்தி வேட்டியை எடுத்துக்கொள்வோம். காய்ந்த நிலையில் அதன் எடை 400 கிராம். கையால் நன்றாகப் பிழிந்து உதறிக் கொடியில் போடும்போது ஏறத்தாழ இன்னொரு 400 கிராம் தண்ணீர் அதில் இருக்கும். இந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும்.

ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதுவும் நிறைய. ஒரு கிராம் நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் தேவை. ஆக, நம் வேட்டி காய 960 கிலோஜூல். இதே வெப்பத்தைக் கொண்டு, சென்னைக் குழாயில் வரும் தண்ணீர் மூன்று லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கொடியில் சும்மா தொங்குவதாகத் தெரியும் வேட்டி இவ்வளவு வெப்பத்தை எங்கிருந்தோ வாங்கியாக வேண்டும்.

வெயில் இருந்தால் கவலையில்லை. உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. விரித்துப் போட்ட வேட்டியின் 2 சதுர மீட்டரில் விழுவதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் துணி உறிஞ்சினாலும், தேவையான வெப்பம் அரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும்.

வெயில் இல்லாவிட்டால்? அப்போது வெப்பத்தைக் கொடுப்பது காற்று. இந்த இடத்தில்தான் குளிரும் ஈரமும் ஒன்றோடொன்று பிணைகின்றன.

காற்றில் எப்போதும் கொஞ்சம் நீராவி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அதில் அதிகபட்சம் இவ்வளவு நீராவிதான் தங்கும் என்ற வரம்பு உண்டு. அந்த வரம்பில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 9.4 கிராம் நீராவி இருக்க முடியும். 25 டிகிரியில் 23 கிராம். 35 டிகிரியில் ஏறத்தாழ 40 கிராம். குளிர்ந்த காற்றில் வரம்பு மிகக் குறைவு.

இனி கொடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் ஆவியாகும்போது துணியிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் துணி குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிட அது குளிர்ந்தவுடன் காற்றிலிருந்து வெப்பம் துணிக்குள் பாய ஆரம்பிக்கிறது. வெளியேறும் வெப்பமும் உள்ளே வரும் வெப்பமும் சமமாகும் இடத்தில் துணியின் வெப்பநிலை நிற்கிறது. வானிலையாளர்கள் இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். ஈரத்துணியால் சுற்றிய வெப்பமானியைக் காற்றில் வைத்து அளப்பதால் வந்த பெயர். நம் வேட்டியே நிழலில் அப்படியொரு வெப்பமானிபோல நடந்துகொள்கிறது. காற்றின் வெப்பநிலைக்கும் ஈரத்துணியின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதுதான், வெயில் இல்லாத நாளில் துணி காயும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்த இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாட்களை ஒப்பிடுவோம். மூன்றிலும் வேட்டி நிழலில்தான் தொங்குகிறது.

முதலாவது, சென்னையில் ஒரு மே மாதப் பிற்பகல். காற்று 35 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம். ஈரவேட்டி 26.5 டிகிரியில் நிற்கும். இடைவெளி 8.5 டிகிரி. ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 1.2 கிலோஜூல் வெப்பம் தருகிறது. எனவே ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 கிலோஜூல் கிடைக்கிறது. 960 கிலோஜூல் சேர 100 கன மீட்டர் காற்று அந்த வேட்டியைத் தழுவிச் செல்ல வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில், கூரையும் பத்தடி உயரம் என்றால், 28 கன மீட்டர் காற்று இருக்கும். ஆக, நான்கு அறைக் காற்று போதும்.

இரண்டாவது, அதே சென்னையில் ஐப்பசி அடைமழை. காற்று 25 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90. ஈரவேட்டி 23.7 டிகிரிக்கு மேல் குளிராது. இடைவெளி வெறும் 1.3 டிகிரி. இப்போது வேட்டிக்கு 600 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும், அதாவது இருபது அறைக் காற்று.

மூன்றாவது, ஊட்டி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். மேகம் மூடிய பகல், காற்று 10 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80. வேட்டி 8 டிகிரியில் நிற்கிறது; இடைவெளி 2 டிகிரி. மலைக்காற்று அடர்த்தி குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 500 கன மீட்டருக்கு மேல் தேவைப்படும்.

இந்த முடிவு முதலில் நம்ப முடியாததாக இருக்கும். பத்து டிகிரிக் குளிரில், நிழலில், ஊட்டியில் தொங்கும் வேட்டிக்கு அடைமழைச் சென்னை வேட்டியைவிடக் குறைந்த காற்று போதும்! துணி காயாததற்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. ஆனால் அதே ஊட்டியில் மூடுபனி இறங்கி ஈரப்பதம் 95ஐத் தொட்டால் இடைவெளி அரை டிகிரிக்குச் சுருங்கிவிடும். தேவைப்படும் காற்று 2,000 கன மீட்டர். தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் துணி காயாமல் மலைவாசிகள் படும் பாடு இந்த அரை டிகிரியில் இருக்கிறது.

மாலைச் சந்தேகத்தைத் தீர்க்கவும் இந்த இடைவெளியே வழிகாட்டும். துணியை வீட்டுக்குள் எடுத்துவந்து ஒரு கால்மணி நேரம் நாற்காலியில் விரித்துப் போடுங்கள். காய்ந்த துணி என்றால் அறையின் வெப்பத்துக்கு வந்து, தொட்டால் சில்லென்ற உணர்வு போயிருக்கும். ஈரம் இருந்தால் ஆவியாதல் தொடர்வதால் அது குளிர்ச்சியாகவே இருக்கும். அடைமழை நாளில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. இடைவெளி ஒரு டிகிரிதான் என்னும்போது விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

காய்ந்த துணிக்குள் தண்ணீர்

இதுவரை தண்ணீர் இழைகளுக்கு நடுவே தங்கியிருப்பதாகவே பேசினோம். பருத்தியில் இன்னொரு தண்ணீரும் இருக்கிறது. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. நீர் மூலக்கூறுகள் அதன் உடலுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும் நாளில், நாம் முழுக்கக் காய்ந்தது என்று நினைக்கும் 100 கிராம் பருத்தியில் 7 முதல் 8 கிராம் தண்ணீர் இருக்கும். பட்டில் இது ஏறத்தாழ 11 கிராம், கம்பளியில் 15. பாலியெஸ்டரில் அரை கிராம்கூட இருக்காது.

நம் காய்ந்த வேட்டிக்குள் அப்படியானால் 30 கிராம் தண்ணீர் எப்போதும் ஒளிந்திருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் வேட்டி இன்னும் உறிஞ்சும்; 90 சதவீதத்தைத் தாண்டும்போது இந்த அளவு ஏறத்தாழ இருமடங்காகும். நனைக்காமலே, பீரோவுக்குள் இருந்தபடியே. மழைக்காலத்தில் மடித்து வைத்த துணி கனத்து, தொட்டால் நமுத்தாற்போல் இருப்பது இதனால்தான். கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த சட்டை மழைநாளில் பத்து நிமிடத்தில் தொய்ந்துபோவதற்கும் இதுவே காரணம். கஞ்சியின் மாவுப்பொருள் செல்லுலோஸின் நெருங்கிய உறவு. அதுவும் ஈரம் குடித்து இளகிவிடுகிறது.

ஆடை நெய்கிறவர்களுக்கு இது தீமையாகத் தெரிவதில்லை. ஈரம் ஏறினால் பருத்தி இழையின் வலு கூடும். அதனால்தான் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளில் நூற்கும் கூடத்தின் காற்றை வேண்டுமென்றே ஈரமாக வைத்திருக்கிறார்கள். காற்று வறண்டால் நூல் அறுகிறது, நிலைமின்சாரம் ஏறிப் பஞ்சு பறந்து ஒட்டிக்கொள்கிறது. நூல் விற்பனையிலும் பருத்திக்கு 8.5 சதவீத ஈரம் இருப்பதாக எடுத்துக்கொண்டே எடை கணக்கிடுவது வழக்கம்.

குளிரில் உடுத்தும்போது இழைகளின் குணம் உயிர்ப் பிரச்சினையாகிவிடும். துணி நம்மைக் குளிரிலிருந்து காப்பது அதன் நூல்களுக்கு இடையே சிறைப்பட்ட காற்றால். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்திச் சட்டையில் காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்துவிடுகிறது; அதன்பின் ஆவியாதலும் உடம்பின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்பளி அப்படியல்ல. நிறைய ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் புறத்தில் நனைந்ததாகக் காட்டாது. அதன் சுருள் அமைப்பு காற்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வியப்பும் உண்டு: ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி கொஞ்சம் வெப்பத்தை வெளிவிடுகிறது. மழைச்சாரலில் மலையேறப் போகிறவர்கள் தடித்த பருத்தி ஆடையை நம்பிப் போகக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

வானம் பார்த்துக் கிடக்கும் துணி

பொழுது சாய்வதற்குள் துணியை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் அவசரப்படுத்துவது சரியான இயற்பியல். மேகமில்லாத இரவில் திறந்த வெளியில் கிடக்கும் எதுவும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிராக இழக்கிறது. மெல்லிய துணி சீக்கிரமே சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். இப்போது நீராவி போகும் திசை தலைகீழாகிறது: காற்றிலுள்ள நீராவி துணியில் பனியாகப் படிகிறது. கூரைக்கு அடியில் இருக்கும் கொடிக்கு இந்த ஆபத்து குறைவு. கூரை வானத்தை மறைத்துவிடுகிறதே!

நீலகிரியில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அங்கே அதை உறைபனி என்பார்கள். இரவில் வெளியே விட்ட துணியும் விறைத்துப்போகும்.

உறைந்த துணி காயுமா? காயும். பனிக்கட்டி உருகி நீராகாமல் நேரே ஆவியாக முடியும். பதங்கமாதல் என்று பள்ளியில் கற்பூரத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ஜனவரி மாதத்து லே நகரில் ஈரத்துணி கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் அட்டையாக விறைக்கும். ஆனாலும் அங்கே காற்று வறண்டது, வெயிலும் கூர்மையானது என்பதால், மெல்ல மெல்லக் காய்ந்துவிடுகிறது. மெல்ல என்பதை அடிக்கோடிட வேண்டும். 25 டிகிரியில் உள்ள நீரோடு ஒப்பிட்டால், உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் உள்ள பனிக்கட்டிக்கு ஆவியாகும் உந்துதல் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

தேங்காய் எண்ணெய் உறையும் தண்ணீரில்

குளிர் துவைக்கும்போதே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. தலையணை உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறியிருப்பது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் தலையின் எண்ணெய்ப் பசையும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறைகிறது. மலையூரில் டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீர் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தது. அதில் முக்கினால் எண்ணெய் கட்டியாகி நூலோடு இறுகிக்கொள்கிறது. நீர்மமாக இருக்கும் எண்ணெயைச் சோப்பு சுற்றிவளைத்துப் பிரித்தெடுத்துவிடும். இறுகிய கொழுப்பிடம் அது திணறும். சோப்புத்தூளும் குளிர்ந்த நீரில் சரியாகக் கரைவதில்லை. கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் நிற்கும். கறைகளைச் சிதைக்கும் நொதிகள் கலந்த தூளாக இருந்தாலும், குளிரில் அவை மந்தமாகவே வேலை செய்யும். ஒரு குவளைச் சுடுதண்ணீரில் தூளை முதலில் கரைத்து, பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது போதுமான வைத்தியம். கம்பளிக்குச் சூடும் கசக்கலும் ஆகாது. இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிவிடும்.

வாடை எங்கிருந்து வருகிறது

நன்றாகத் துவைத்த துணியும் மெதுவாகக் காய்ந்தால் நாறுகிறது. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குப் பின்னால் இருக்கும் ஒரு பாக்டீரியாவை அடையாளம் காட்டினார்கள்: மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ். துணியில் மிஞ்சிய வியர்வை, எண்ணெய்ப் பசை ஆகியவற்றைத் தின்று, மிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும் ஓர் அமிலத்தை அது வெளியிடுகிறது. உலர்ந்த நிலையையும் ஓரளவு தாங்கும் கிருமி இது. காய்ந்தபின் வாடை அடங்கிய துணி, உடுத்தி வியர்த்ததும் மறுபடி நாறுவது அதனால்தான். பூஞ்சை இன்னொரு கதை. ஒப்பு ஈரப்பதம் 80ஐ ஒட்டி நாள்கணக்கில் நின்றால் அது பருத்தியிலும் பட்டிலும் வளரத் தொடங்கும். பீரோவில் போடும் நாப்தலின் உருண்டை பூச்சிகளுக்கானது, ஈரத்தை அது ஒன்றும் செய்யாது. பட்டுப் புடவையை ஒரு வறண்ட நாளில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்கும் பழக்கம் உருண்டைகளைவிட நூறு மடங்கு பயன் தருவது.

ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா

மழைநாளில் வீட்டுக்குள் கொடி கட்டுகிறவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அதே பத்தடி அறை, 25 டிகிரி, ஈரப்பதம் 85. அந்தக் காற்றில் இன்னும் ஏறத்தாழ 100 கிராம் நீராவிக்குத்தான் இடம் இருக்கிறது. நம் ஒற்றை வேட்டியில் 400 கிராம் இருக்கிறது! கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு மின்விசிறியைச் சுழலவிட்டால், ஒரே காற்று சுற்றிச்சுற்றி வரும். வேட்டி கால்வாசி காய்வதற்குள் அறை நிரம்பிவிடும். வெளியே 90 சதவீத ஈரமே இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல். ஏசி இருந்தால் மட்டும் மூடலாம். அது காற்றிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கிக் குழாய்வழியே வெளியே விட்டுவிடுகிறது.

குளிரூரில் விடை வேறு. வெளியே 10 டிகிரியும் 90 சதவீத ஈரமுமாக இருக்கும் காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 50க்குக் கீழே இறங்கிவிடும். ஒரு துளி நீரையும் நீக்காமல், வெறும் சூட்டால் காற்று வறண்டதாகிறது. கடுங்குளிர் நாடுகளில் வீட்டுக்குள் துணி சட்டென்று காய்வதும், ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதும் இப்படித்தான். ஆகவே மலையூரில் ஹீட்டர் ஓடும் அறையில், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துத் துணியை உலர்த்தலாம். கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

எந்த ஊரானாலும் பலன் உறுதியான வழி கொடிக்கு வருவதற்கு முன்பே இருக்கிறது. பிழிந்து வெளியேற்றும் தண்ணீருக்கு ஆவியாகும் வெப்பம் எதுவும் தேவையில்லை. வாஷிங் மெஷினில் இன்னொரு முறை சுழலவிட்டு வேட்டியிலிருந்து கூடுதலாக 100 கிராம் தண்ணீரை வெளியேற்றினால், ஐப்பசி மழையில் அது 150 கன மீட்டர் காற்றின் வேலையை மிச்சப்படுத்தும். கையால் துவைக்கிறவர்கள், பிழிந்த துணியை ஒரு காய்ந்த பருத்தித் துண்டில் வைத்துச் சுருட்டி முழங்கையால் அழுத்தி எடுக்கலாம். பிறகு உதறி, இரண்டு மடிப்பும் ஒட்டாமல், துணிக்கும் துணிக்கும் ஒரு சாண் இடம் விட்டுப் போட வேண்டும். பேன்ட்டைப் பை வெளியே தெரியும்படி உள்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். இடுப்புப் பட்டையும் பையும்தான் கடைசியாகக் காய்கிற இடங்கள்.